மாற்கு 16:9-20-ஐ எப்படிப் பிரசங்கிப்பது? – கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாவுக்கு,

ஸ்தோத்திரங்கள். பெங்களூருவில் பி.டி. (இறையியல் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதி ஊழியத்துக்கு ஒரு தமிழ்ச் சபையில் போட்டிருக்கிறார்கள். பரமேறுதல் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு பிரசங்கம் என் பொறுப்பு. கொடுத்திருக்கிற பகுதி மாற்கு 16:14-20. இதே பருவத்தில்தான் புதிய ஏற்பாட்டு வகுப்பில், 16:9-20 மாற்கு எழுதியதல்ல என்று படித்தோம். சபையில் பெரியவர்கள் இந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள். வகுப்பில் படித்ததைச் சொன்னால் அவர்கள் இடறிப்போவார்கள். சொல்லாவிட்டால் நான் நடிக்கிறேன் என்று ஆகிவிடும். முதலில் இடறியிருப்பது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் சபையின் பின்வரிசையைப் பாருங்கள். பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் பிள்ளைகள் தமிழில் பாடுவார்கள், தமிழில் பிரசங்கம் கேட்பார்கள். ஆனால் பள்ளியில் படித்தது ஆங்கிலமும் கன்னடமும் என்பதால் வேதப் பகுதியை போனில் என்ஐவி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் பார்ப்பார்கள். அதில் 9ஆம் வசனத்துக்கு முன்னாலேயே, மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் 9 முதல் 20 வரை இல்லை என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லத் தயங்குகிற செய்தி பிரசங்கம் தொடங்குமுன்பே அவர்கள் கையில் இருக்கிறது. இனி யோசிக்க வேண்டியது அதை எங்கே, எத்தனை வாக்கியத்தில் சொல்வது என்பதைத்தான்.

முதலில் சான்றுகளைச் சரியான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் குறிப்பில் பாதிதான் இருக்கும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படியும் வத்திக்கான் படியும் 16:8-இல் முடிகின்றன. அதே நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியு, திருத்தமான கிரேக்கப் படிகள் அங்கேயே முடிவதாக எழுதினார். அவருக்குப் பிறகு, வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமும், ஏறத்தாழ எல்லாக் கிரேக்கப் படிகளிலும் இப்பகுதி இல்லை என்று எழுதியிருக்கிறார். இது ஒரு பக்கம். மறுபக்கம், இன்று கிடைக்கிற கிரேக்கப் படிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பன்னிரண்டு வசனங்களும் உண்டு. லியோன் நகர ஆயர் இரேனேயு ஏறத்தாழ 180-லேயே 16:19-ஐ மாற்குவின் முடிவு என்று சொல்லி எடுத்தாள்கிறார். அப்படியானால் இப்பகுதி மாற்குவின் கையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் 2ஆம் நூற்றாண்டுச் சபைக்கு அது தெரிந்திருந்தது. ‘மூலத்தில் இல்லை’ என்று மட்டும் பிரசங்க பீடத்தில் சொல்லிவிடாதீர்கள். மாற்கு எழுதிய மூலச் சுருள் யாரிடமும் இல்லை. ‘நம்மிடமுள்ள மிகப் பழைய முழுப் படிகள் இரண்டில் இல்லை’ என்று சொன்னால் அது துல்லியம்.

சபையில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஏன் எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். ஹென்றி பவர் தலைமையில் உருவான ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது. பழைய படிகளுக்கு முதலிடம் கொடுத்த வெஸ்ட்காட், ஹார்ட் இருவரின் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பு வந்தது அதற்குப் பிறகு, 1881-இல். இதற்குப் பெங்களூருத் தொடர்பும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆரம்ப காலத்தில் முதல்வராக இருந்த லார்சன்தான் பின்னர் தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணியில் இறங்கினார். அந்தத் திருத்தம் 1936-இல் வெளிவந்தும் சபைகள் பழையதை விடவில்லை. மனப்பாடம் செய்த வசனத்தை அறிஞர் கமிட்டி மாற்றுவதைச் சபை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உங்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இனி தயாரிப்பு. விளக்கவுரைகளைப் புதன்கிழமை வரை தொடாதீர்கள். திங்களன்று மாற்கு முழுவதையும் தமிழில் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செவ்வாயன்று 16:1-8, 16:9-20 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கிரேக்கம் இல்லாமலே மூன்று விஷயங்கள் கண்ணில் படும். 15:40, 15:47, 16:1 என்று அடுத்தடுத்து மூன்று முறை வந்த மகதலேனா மரியாளை, 9ஆம் வசனம் ஏழு பிசாசுகள் துரத்தப்பட்டவள் என்று புதிதாக அறிமுகப்படுத்துகிறது. முதல் வசனத்தில் வந்த மற்ற இரு பெண்களும் அதன்பின் காணாமல் போகிறார்கள். 14:28-இலும் 16:7-இலும் கலிலேயாவில் சந்திப்பு என்று வாக்குக் கொடுக்கப்படுகிறது, ஆனால் 9-20-இல் கலிலேயா என்ற பெயரே இல்லை. வேதபாடத்தில் காட்ட வேண்டியது இவற்றைத்தான். எழுபது வயது அம்மாவும் தன் வேதாகமத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் படிகளின் பெயரை அடுக்கினால் அவர்களுக்கு நம்புவதா வேண்டாமா என்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

புதனன்று செய்ய வேண்டியதுதான் முக்கியம். பன்னிரண்டு வசனங்களுக்கும் எதிரே, அதே செய்தி புதிய ஏற்பாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். 9-க்கு யோவான் 20:14-18, லூக்கா 8:2. 12-13-க்கு எம்மாவு, லூக்கா 24. 15-க்கு மத்தேயு 28:19. அந்நிய பாஷைக்கு அப்போஸ்தலர் 2. பாம்புக்கு அப்போஸ்தலர் 28:3-6, மெலித்தா தீவில் பவுலின் கையைக் கவ்விய விரியன். நோயாளிமேல் கை வைப்பதற்கும் அதே அதிகாரம், 8ஆம் வசனம். 19-க்கு அப்போஸ்தலர் 1:9, சங்கீதம் 110:1. கடைசியில் துணையில்லாமல் நிற்பது ஒன்றே ஒன்று: விஷம் குடித்தாலும் சேதப்படுத்தாது என்பது. இதற்குப் புதிய ஏற்பாட்டில் இணை வசனம் கிடையாது. அப்போஸ்தலர் 1:23-இல் வரும் யுஸ்து பர்சபா நஞ்சு குடித்தும் தீங்கடையவில்லை என்று 2ஆம் நூற்றாண்டு ஆயர் பாப்பியா சொன்னதாக யூசேபியு எழுதிவைத்ததுதான் அருகில் வருவது, அது வேதத்துக்கு வெளியே.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் உங்கள் பயத்தின் அளவு தெரிந்துவிடும். பன்னிரண்டு வசனங்களையும் எடுத்துவிட்டால்கூட விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி குறையாது. உயிர்த்தெழுதல் 16:6-லேயே அறிவிக்கப்பட்டாயிற்று. மாற்குவுக்கு முன்பே எழுதப்பட்ட 1 கொரிந்தியர் 15:3-8-இலும் அது இருக்கிறது. குறைவது விஷ வாக்கியம் மட்டும். பாம்பும் விஷமும் வருகிற 18ஆம் வசனத்தைத் தனியாக எடுத்து நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் பிடிக்கும் வழக்கம் இவ்வசனங்களைக் காட்டியே பரவியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமான ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-இல் பாம்பு கடித்தே இறந்தார்.

அப்படியானால் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கலாமா? தாராளமாக. மாற்கு எழுதினாரா என்பது ஒரு கேள்வி, சபை இதை வேதமாக வாசிக்கிறதா என்பது இன்னொன்று. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாவதற்கு ஆம் என்று சொல்லி, ஏப்ரல் 25 மாற்கு திருநாளில் 16:15-20-ஐயே நற்செய்தியாக வாசிக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் அவ்வளவு ஒருமனம் இல்லை. என் நிலைப்பாடு: வாசிக்கலாம், பிரசங்கிக்கலாம், ஆனால் வேறெங்கும் சொல்லப்படாத ஒன்றை இதை மட்டும் வைத்துப் போதிக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெறாதவர் கதி என்ன என்று 16ஆம் வசனத்தை மட்டும் வைத்து ஒருவரைப் பயமுறுத்துவதையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஞாயிறன்று வேதம் வாசித்து முடித்ததும் இரண்டு வாக்கியம் போதும். ‘இந்தக் கடைசிப் பகுதி மிகப் பழைய இரண்டு படிகளில் இல்லை, சிலருடைய வேதாகமத்தில் அந்தக் குறிப்பைப் பார்க்கிறீர்கள். இதில் சொல்லப்பட்ட பரமேறுதலை லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும் சொல்வதால் அவற்றோடு சேர்த்தே இன்று தியானிப்போம்.’ அவ்வளவுதான். பிறகு அதை மறந்துவிட்டு 15, 19, 20 வசனங்களைப் பிரசங்கியுங்கள். இரண்டாம் வாசிப்பு அப்போஸ்தலர் 1:6-11. விவரமான விளக்கத்தை வாரநாள் வேதபாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கேள்வி கேட்க முடியும். பிரசங்கத்தில் கேட்க முடியாது, அதனால் கேள்வி திங்கட்கிழமை செயலாளர் வழியாக வேறு உருவத்தில் வந்து சேரும்.

கெட்டுப்போகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது’ என்றால் யாரோ திருட்டுத்தனமாகச் சேர்த்ததாகவே காதில் விழும், ‘ஆரம்பச் சபை இப்படி முடித்து வாசித்தது’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் 1 யோவான் 5:7-ஐயும் யோவான் 8-இன் விபசார ஸ்திரீ பகுதியையும் இழுக்காதீர்கள். மூன்றும் ஒரே வகைச் சிக்கல் இல்லை. 1 யோவான் 5:7-இல் ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள்’ என்ற பகுதிக்கு ஆரம்ப நூற்றாண்டுகளின் கிரேக்கப் படி ஒன்றுகூடச் சாட்சி இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதை விட்டுவிட்டு 1522-இல்தான் சேர்த்தார். திரித்துவத்துக்கு அதை ஆதாரமாகக் காட்டாமல் மத்தேயு 28:19-ஐயும் 2 கொரிந்தியர் 13:14-ஐயும் எடுங்கள், ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

உங்கள் சொந்த இடறலுக்கு நான் பெரிதாக ஆறுதல் சொல்லப்போவதில்லை. 16:8-இல் நிறுத்திவிட்டு ஒருமுறை வாசியுங்கள். பயந்துபோன பெண்கள் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறார்கள். அது ஈஸ்டர் பிரசங்கத்துக்கு எவ்வளவு கடினமான, எவ்வளவு நேர்மையான முடிவு என்று யோசியுங்கள். மாற்கு முழுவதிலும் சீஷர்கள் பயப்படுகிறார்கள், விளங்காமல் நிற்கிறார்கள். அந்தச் சுவிசேஷத்தை எழுதியவர் அங்கே முடித்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. தொடர்ச்சி தொலைந்தது என்று நினைக்கிற அறிஞர்களும் உண்டு, அவர்கள் வாதத்தையும் படித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் தவறக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதி, செவ்வாய்க்குள் பொறுப்பு ஆயரிடம் நேரில் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் சபை அவர் பொறுப்பு. குறிப்பை விட்டுவிட்டு அப்போஸ்தலர் 1-ஐப் பிரதானப் பகுதியாக வைத்து, மாற்கு 16:19-20-ஐத் துணைக்கு வாசித்துப் பிரசங்கியுங்கள். பாம்பையும் விஷத்தையும் தொட வேண்டாம். பின்வரிசைப் பிள்ளை ஒன்று போனைக் காட்டிக் கேட்டால் மட்டும், தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.