விழுந்த பிறகு முன் பிரேக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐப்பசி மழையில் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்தேன். முன் பிரேக்கைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் தரையில் கிடந்தேன். இடது காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். இப்போது ஓட்டலாம் என்கிறார் டாக்டர். ஆனால் தெருமுனையில் திரும்பினாலே உடம்பு விறைக்கிறது. முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. அதே வளைவில் ஒருமுறை இறங்கினால் பயம் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். வண்டியை விற்கச் சொல்கிறாள் மனைவி. என்ன செய்வது?

செ.

அன்புள்ள செ.,

கொல்லிமலைக்கு இப்போது போகாதீர்கள். உடம்பு விறைத்தால் கை ஹேண்டிலை இறுக்கும், வண்டி திரும்பாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது முன் பிரேக்கைத் தொடுவதில்லை என்ற வரிதான். முன் சக்கரம் வழுக்கி விழுந்தவர்கள் பலர் இப்படி ஆகிவிடுகிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் வருகிறது. வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்துடையது, இறக்கத்தில் இன்னும் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால் எடை குறைந்த பின் சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போகும்.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. திரும்புவதற்கும் பிரேக்குக்கும் அதிலிருந்தேதான் எடுக்க வேண்டும். வண்டி சாய்ந்திருக்கும்போது பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். மேட்டிலிருந்து சரளை அடித்துவந்து வளைவில் படிந்திருந்தால் சம்பளமே பாதிதான். அதனால்தான் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரையும் இறக்கிவிட வேண்டும் என்பது.

அன்று நடந்ததை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த கியர், என்ன வேகம், சாய்ந்த பிறகு பிடித்தீர்களா, சரளை இருந்ததா, கண் எங்கே பார்த்தது. காரணம் பிடிபடாத வரை தெருமுனையும் உங்களுக்கு அந்த வளைவாகத்தான் தெரியும்.

பிறகு ஒரு காலி மைதானம், காய்ந்த தரை. நேராக, இருபது கிலோமீட்டர் வேகத்தில், முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரியும். அமுங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தலாம். இது சலிப்பு வரும்வரை நடக்கட்டும். அதற்குப் பிறகுதான் முப்பது, நாற்பது. உங்கள் வண்டி 2019 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் அது கட்டாயமானது அப்போதுதான். இருந்தாலும், சாய்ந்த நிலையில் சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பி பிரேக்கை அழுத்தக் கூடாது. திரும்பும்போது சக்கரத்துக்கு முன்னால் சரளையைத் தேடாமல், வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் வண்டி போகும்.

டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: மறுபடி விழுந்தால் இந்த எலும்பு தாங்குமா? மோட்டோஜிபி பைக் பந்தய வீரர் மார்க் மார்க்கெஸ் 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஜெரெஸ் பந்தயத்தில் விழுந்து வலது கை எலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்து ஒரு வாரம்கூட ஆகாமல் வண்டியில் ஏறினார். சில நாட்களில் பிளேட் பழுதாகி மறு அறுவை, டிசம்பரில் மூன்றாவது அறுவை. அந்த ஆண்டு முழுவதும் போய்விட்டது. அவருடைய மன உறுதியைக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. எலும்பு மட்டும் தன் நேரத்தை எடுத்துக்கொண்டது.

அன்று போட்டிருந்த ஹெல்மெட்டை இனி போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். மெக்கானிக்கிடம் ஃபோர்க்கையும், ஹேண்டில் திரும்ப உதவும் கோன் செட்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் விபத்து திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

உங்கள் மனைவி சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர் அவர். வண்டியை விற்பதிலும் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவை மைதானத்தில் பழகிய பிறகு, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுங்கள். அவருக்குத் தெரியாமல் மட்டும் சாவியை எடுக்காதீர்கள்.

முன் பிரேக் கைக்குப் பழகியதா என்று அவசியம் எழுதுங்கள்.