டேப்லெட் தாள விளையாட்டுகளுக்கு விமர்சகர்கள் தரும் புள்ளியை நம்பி வாங்கலாமா?

புள்ளியைப் பார்த்துச் சைட்டஸ் என்ற தாள விளையாட்டை வாங்கி ஏமாந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: புளூடூத் ஹெட்போனில்தானே விளையாடினீர்கள்? அப்படித்தான் இருக்கும். நானும் அதில்தான் மானம் போனவன்.

2022 மார்ச். மாதக் கடைசியில் கொழும்பில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு மெழுகுதிரி, ஊரிலுள்ள நுளம்பெல்லாம், நான், அக்காவின் மகள், ஒரு டேப்லெட். தைவானின் ரேயார்க் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அந்த விளையாட்டை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். நான் படித்த விமர்சனங்கள் பாட்டுகளையும் ஓவியங்களையும் மெச்சியிருந்தன. திரையில் ஒரு கோடு மேலும் கீழும் ஓடும். அது வட்டத்தைத் தொடும் கணத்தில் தட்ட வேண்டும். பிசகில்லாமல் முடித்தால் 10 இலட்சம் புள்ளி. நான் பதினொரு வருடம் மிருதங்கம் படித்தவன். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் நம்பமாட்டீர்கள், பெருமைதான்.

அம்மா நித்திரை என்பதால் புறக்கோட்டையில் வாங்கிய புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சமத்தில், அதாவது தாள அடி விழும் அதே கணத்தில், தட்டுகிறேன், தவறு என்கிறது. மறுபடி தட்டுகிறேன், மறுபடியும் தவறு. ஒன்பது வயது மருமகள் சத்தத்தை முழுவதுமாக அணைத்துவிட்டு விளையாடி என்னைத் தோற்கடித்தாள். “மாமா, நீங்கள் பிந்தித் தட்டுகிறீர்கள்” என்றாள். என்னிடம்! அன்றிரவே ஒற்றை நட்சத்திரம் போட்டு, விமர்சகர்களுக்குத் தாள ஞானமே இல்லை என்று நீட்டி முழக்கி எழுதினேன்.

பிறகுதான் விளங்கியது. புளூடூத்தில் டேப்லெட் ஒலியைச் சுருக்கி அனுப்ப, ஹெட்போன் அதை விரித்து ஒலிக்கிறது. சாதாரண ஹெட்போனில் இதற்கு 200 மில்லிசெக்கன் அளவில் போய்விடும். நிமிடத்துக்கு 150 தாள அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கு 400 மில்லிசெக்கன். ஆக, நான் கேட்ட சமம் அரை அடி தள்ளி வந்த சமம். காதை நம்பியவன் தோற்றேன், கோட்டைப் பார்த்தவள் வென்றாள். படம் பார்க்கும்போது இது தெரியாது, காட்சியையும் அதே அளவு பிந்த வைத்துவிடுவார்கள். விளையாட்டில் தட்டுவது நம் விரல். அதை யார் பிந்த வைப்பது?

விமர்சகருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எந்தக் கருவியில், எந்த ஹெட்போனில் விளையாடினோம் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளம் சராசரி போடவே 4 விமர்சனமாவது வேண்டும். கைபேசி விளையாட்டுகள் பலவற்றுக்கு அந்த நான்கே தேறுவதில்லை. இரண்டு பேர் சொன்னதை ஊர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருந்தாலும் அவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டாவது எழுதுகிறார்கள். என் தங்கையின் அரங்கேற்றத்துக்கு ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. தில்லானாவில் அவளுடைய அடவுச் சுத்தம் சபையை மெய்ம்மறக்கச் செய்ததாம். மண்டபத்துக்காரர் நேரம் முடிந்துவிட்டது என்று விளக்கை அணைக்கத் தொடங்கியதால் தில்லானாவை நாங்கள் ஆடவே விடவில்லை! விமர்சகர் பிரதம விருந்தினர் பேச்சோடு போய்விட்டார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதியிருக்கிறார். அம்மா அந்தத் துண்டைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

சரி, உங்கள் விடயம். வயர் ஹெட்போனில் ஒரு தடவை விளையாடிப் பாருங்கள். புதிய ஐபேடுகளில் அதற்கான துளை இல்லை, சிறிய இணைப்பி ஒன்று வாங்க வேண்டும். இத்தகைய விளையாட்டுகள் பலவற்றின் அமைப்புகளில் ஒலி நேரத்தைத் திருத்தும் வசதியும் உண்டு. அப்போதும் பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டுங்கள். என் ஒற்றை நட்சத்திரத்தை நான் நான்காக்கிவிட்டேன். மருமகளை மட்டும் இன்னும் வெல்லவில்லை.