பவுன்: எடையா, காசா?

கேள்வி: நகைக்கடையில் 8 கிராம் தங்கத்தைப் பவுன் என்றும் சவரன் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். பவுண்டு என்றால் 450 கிராமுக்கு மேல் அல்லவா? (வாசகி, காரைக்குடி)

பதில்: நீங்கள் சொல்வது எடைக் கணக்கில் வரும் பவுண்டு. நகைக்கடைப் பவுனோ பணக் கணக்கிலிருந்து வந்தது. 1817 முதல் பிரிட்டனில் அச்சிடப்பட்ட ‘சாவரின்’ என்னும் தங்கக் காசின் மதிப்பு ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். ஆகவே காசின் பெயர் நம் வாயில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பின் பெயர் பவுன் ஆயிற்று. சாவரின் என்றால் ஆளும் மன்னர் என்று பொருள். 1489இல் ஏழாம் ஹென்றி, தாம் அரியணையில் அமர்ந்திருக்கும் உருவத்துடன் வெளியிட்ட பெரிய தங்கக் காசுக்கு வழங்கிய அந்தப் பழைய பெயரையே புதிய காசுக்கும் சூட்டினார்கள்.

காசின் எடை 7.988 கிராம். நாம் அதை 8 கிராமாக முழுமையாக்கிக்கொண்டோம். வித்தியாசம் 12 மில்லிகிராம்தான். தங்கம் 22 காரட், அதாவது 12 பங்கில் 11 பங்கு. இன்று நகையில் நீங்கள் தேடிப் பார்க்கும் 916 என்ற முத்திரையும் இதே தரத்தைக் குறிப்பதுதான்.

கைமாறிக் கைமாறித் தேய்வதே தங்கக் காசின் பெருந்தொல்லை. தேய்ந்து ஏறத்தாழ 7.94 கிராமுக்குக் கீழே போன சாவரின் செல்லாது என்று 1870ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நாணயச் சட்டம் விதித்தது. அத்தகைய காசு கைக்கு வந்தால் வாங்குபவரே அதை வெட்டி உருக்குலைக்க வேண்டும், நஷ்டம் கொடுத்தவருடையது. யாரோ தேய்த்ததற்கு, கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் தண்டம் கட்டுவது என்ன நியாயமோ!

கேள்வி: நம் நாட்டுக் கடைத்தெருவிலும் அது புழங்கியதா? (வாசகர், தென்காசி)

பதில்: சட்டப்படி புழங்கியது, நடைமுறையில் குறைவு. 1893இல் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அச்சிட்டுத் தருவதை அரசு நிறுத்தியது. அடுத்து 1899இல், ஒரு சாவரினுக்கு 15 ரூபாய் என்ற கணக்கில் அது இந்தியாவிலும் செல்லும் என்று சட்டம் வந்தது. கருவூலங்கள் வழியே அதை மக்களிடம் பரப்ப அரசு முயன்றபோது, வெளியே போனதில் ஏறத்தாழப் பாதி விரைவிலேயே அரசிடம் திரும்பியது. அன்றாடச் செலவுக்கு அணாவும் பைசாவும் எண்ணியவர்களுக்கு 15 ரூபாய்க் காசால் என்ன பயன்? மளிகைக் கடையில் அதை நீட்டினால் மீதிச் சில்லறைக்கு எங்கே போவது? சேமிப்புக்கும் நகைக்கும்தான் அது பெரிதும் விரும்பப்பட்டது. காசுமாலையில் கோத்துக் கழுத்தில் அணிந்தவர்களும் உண்டு.

முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் பிரிட்டனிலேயே காகித நோட்டுகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆனால் பம்பாய் நாணயச் சாலையில் 1918இல் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் சாவரின்கள் அச்சாயின. 1920இல் அதன் சட்ட மதிப்பு 10 ரூபாயாக மாற்றப்பட்டது. 1927இல் அது சட்டப்படி செல்லும் பணம் என்ற தகுதியையே இழந்து, 13 ரூபாய் 5 அணா 4 பை வீதம் கருவூலத்தில் மாற்றிக்கொள்ளும் பொருளாக மட்டும் நின்றது.

பாட்டி வைத்துப்போன காசு உங்கள் வீட்டில் இருந்தால், உருக்கக் கொடுக்கும் முன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபுறம் குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ், கீழே 1918 என்ற ஆண்டு, அந்த ஆண்டுக்குச் சற்று மேலே தரைக்கோட்டின் நடுவில் ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து ஆகியவை தெரிந்தால், அது பம்பாயில் பிறந்த காசு.