முழங்கால் வலியோடு ஃபுஷிமி இனாரி போகலாமா?

கேள்வி: ஜப்பானில் கியோட்டோ போகிறோம். முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருகிறார். அங்கே ஃபுஷிமி இனாரி கோயில் மலையை அவரால் ஏற முடியுமா? செருப்பை எங்கே விடுவது, எப்படிக் கும்பிடுவது?

பதில்: மலை ஏறவே வேண்டாம். பிரதான சன்னிதி அடிவாரத்தில்தான் இருக்கிறது. 233 மீட்டர் உயர மலையைச் சுற்றிவர இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். அதை நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, பிரதான சன்னிதிக்குப் பின்னால் கொஞ்சம் படியேறினால், படங்களில் பார்த்த செந்நிற தோரி வாயில்களின் வரிசை வந்துவிடும். உள்ளே நுழைந்து சில அடி போனதும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தூண்களின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு எழுத்தில் நன்கொடையாளர் பெயரும் தேதியும் இருக்கும். நம் கோயில் டியூப்லைட்டில் எழுதும் ‘உபயம்’ மாதிரியேதான். இனாரி நெல்லுக்கான தெய்வம். பிறகு வியாபாரிகளும் பிடித்துக்கொண்டார்கள். நரிச் சிலைகளைச் சாமி என்று நினைத்துவிடாதீர்கள், அவை தூதர்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆனால் கை, வாய் சுத்தம் முக்கியம். தண்ணீர்த் தொட்டியில் அகப்பை இருந்தால் முதலில் இடது கை, அப்புறம் வலது கை. பிறகு இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாயைக் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும். அகப்பை உதட்டில் படக்கூடாது; எச்சில் பார்க்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சன்னிதியில் காசு போட்டு, இரண்டு முறை நன்றாகக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒரு முறை குனியுங்கள். 5 யென் காசு விசேஷம்: ஜப்பானிய மொழியில் அது ‘கோ-என்’; அதே ஒலிக்கு ‘நல்ல தொடர்பு’ என்றும் பொருள். பாதையின் நடுவே நடக்காமல் ஓரமாகப் போவது மரியாதை, நடு சாமிக்கு.

கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா லைன் லோக்கல் வண்டி ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. வேக வண்டி அங்கே நிற்காது. இறங்கினால் எதிரிலேயே கோயில். 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. அதனால் காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். 10 மணிக்கு மேல் கூட்டத்தில் அம்மா நின்று மூச்சு வாங்கக்கூட இடம் இருக்காது.

வெளியே கடைகளில் இனாரி சுஷி விற்பார்கள். சைவர்கள் என்றால் கேட்டு வாங்குங்கள். சோற்றைப் பொதிந்த பொரித்த டோஃபு (சோயா பன்னீர்) உறையைப் பெரும்பாலும் மீன் சாற்றில்தான் வேகவைப்பார்கள்.