ஓடும்போதே விழுந்தானா, ஓடி முடித்த பிறகா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. போன வாரம் கிரவுண்டில் 400 மீட்டர் ஓடும்போது மயங்கி விழுந்துவிட்டான். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி, "வெறும் வயிற்றில் ஓடினால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. ஓடலாமா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. கூட ஓடிய பையன்களிடம் முதலில் கேளுங்கள்: ஓட்டத்தின் நடுவிலேயே விழுந்தானா, கோட்டைத் தாண்டி நின்ற பிறகா? ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கும், கண் இருட்டும். பெரும்பாலும் அதில் ஆபத்தில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு சங்கதி. உள்ளங்கையில் கீறல் இல்லாமல் தாடையில் காயம் என்றால், கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் நினைவு போயிருக்கிறது. அப்போது வெயில், வெறும் வயிறு என்று சமாதானமாகக் கூடாது. இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த வயதில் நாங்கள் தேடுவது இதயத்தசை தடித்திருக்கிறதா, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பிறவியிலேயே இடம் மாறிக் கிளம்பியிருக்கிறதா, துடிப்பை நடத்தும் மின்னோட்டத்தில் கோளாறா என்பதைத்தான். ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) முதல் படி. "ஈசிஜி நார்மல்" என்றதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். சில துடிப்புக் கோளாறுகள் படுத்திருக்கும்போது தெரியாது. டாக்டர் பக்கத்தில் நிற்க டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளியே வரும். குழாய்ச் சந்தேகத்துக்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) தேவைப்படலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே இதயப் பிரிவு இருக்கிறது. இந்த வாரமே போங்கள்.

போகும்முன் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். சின்ன வயதில் திடீரென்று போனவர்கள் உண்டா? நன்றாக நீந்தத் தெரிந்தும் ஆற்றில் மூழ்கிய மாமா, சித்தப்பா யாராவது? "சுழலில் மாட்டிக்கிட்டான்" என்று முடித்துவிட்ட கதைகளில் சில, தண்ணீருக்குள் துடிப்பு தாறுமாறானதாகவும் இருக்கலாம். நீச்சலே தூண்டிவிடும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீச்சலும் தூண்டக்கூடும் என்பதால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை தாமிரபரணிக் குளியலிலும் படித்துறையைத் தாண்ட விடாதீர்கள். சமீபத்தில் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். சில ஆன்டிபயாடிக்குகூட துடிப்பைக் குழப்பும்.

மறுபடி விழுந்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்; இன்னொருவர் நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். அவனுடைய பி.டி. வாத்தியாரிடமும் இதை இன்றே சொல்லிவையுங்கள்.