ஸ்கிரிப்ட்டில் ஒரு ஆப்ஷனைக் கட்டாயமாக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: பாஷ் ஸ்கிரிப்ட்டுக்கு -பி, -டி என்று இரண்டு ஆப்ஷன். ஆப்ஷன்களைப் பிரித்துக் கொடுக்கும் பாஷின் கெட்ஆப்ட்ஸ் கட்டளையில் இரண்டு எழுத்துக்குப் பின்னாலும் கோலன் போட்டாச்சு. இருந்தும் -பி கொடுக்காமல் ஓட்டினால் ஸ்கிரிப்ட் பேசாமல் ஓடிவிடுகிறது. ஏன்?

அந்தக் கோலன் சொல்வது வேறு. -பி வந்தால் கூடவே ஒரு மதிப்பும் வர வேண்டும், அவ்வளவுதான். -பி வந்தே தீர வேண்டும் என்று சொல்ல கெட்ஆப்ட்ஸில் வழியே கிடையாது. வந்ததைப் பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. எது வரவில்லை என்று, கெட்ஆப்ட்ஸை ஓட்டும் லூப் முடிந்த பிறகு பார்ப்பது நம் பொறுப்பு.

நான் மணலியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எந்த டிரெய்லர் எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை இங்கே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான் எடுக்கிறது. -பி என்றால் துறைமுகம்: சென்னையா, எண்ணூர் காமராஜர் துறைமுகமா, காட்டுப்பள்ளியா. -டி என்றால் தேதி. துறைமுகம் கொடுக்கவில்லையா, சென்னை என்று வைத்துக்கொள் என டிஃபால்ட் போடச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பட்டியல் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். காட்டுப்பள்ளி போக வேண்டிய வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் தெற்கே திரும்பி சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் போய் நிற்கும். டிரைவரின் ராத்திரித் தூக்கம் போச்சு. தப்பான மதிப்பும் சரியானது போலவே தெரியும் என்றால் அந்த ஆப்ஷன் கட்டாயமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். லூப்புக்கு முன்னால் இரண்டு மாறிகளையும் காலி என்று வைத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுகிற வரி இது. மாறிக்குப் பெரிய எழுத்தில் போர்ட் என்று பெயர் வைத்திருந்தால், ஏதோ ஒரு வெப் சர்வருக்காக யாரோ அதே பெயரை 8080 என்று எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கலாம். -பி கொடுக்காமலே உங்கள் சோதனை பாஸ் ஆகிவிடும். சிறிய எழுத்துப் பெயர் வைப்பதும் நல்லது.

லூப் முடிந்ததும், வேறு எந்தக் கட்டளையும் ஓடுவதற்கு முன், ஒவ்வொரு மாறியும் காலியா என்று, அதற்கென்றே உள்ள மைனஸ் இசட் சோதனையை வைத்துப் பாருங்கள். முதல் குறை கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். விடுபட்டவற்றையெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் சொல்லிவிட்டு, அப்புறம் வெளியேறுங்கள். செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்கு, அதாவது பிழைச் செய்திகளுக்கான தனி வழிக்குப் போகட்டும், முடியும்போது ஸ்கிரிப்ட் திருப்பித் தரும் எண்ணான எக்சிட் கோட் 2 ஆக இருக்கட்டும். மைனஸ் ஹெச் கொடுத்து உதவி கேட்டவருக்கு மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டும் 0-வும்.

சோதனை முதலில் வர வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. லினக்ஸின் டேட் கட்டளைக்கு மைனஸ் டி-யோடு காலியான சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். திட்டாது, இன்றைய தேதி, நள்ளிரவு 00:00 என்று கொடுக்கும். நேற்றைய பட்டியல் வேண்டியவருக்கு இன்றையது போய்ச் சேரும், பிழைச் செய்தி ஒன்றுமே இருக்காது.

இன்னொரு குழி: -பி-க்கு மதிப்பு கொடுக்க மறந்து அடுத்து -டி என்று எழுதினால், கெட்ஆப்ட்ஸ் அந்த -டி-யையே துறைமுகத்தின் பெயராக விழுங்கிவிடும். மாறி காலியில்லை, ஆனால் உள்ளே இருப்பது குப்பை. அதனால் காலியா என்று பார்த்தால் போதாது. மூன்று துறைமுகங்களில் ஒன்றுதானா என்று, மதிப்புக்கு ஏற்ற கிளையைத் தேர்ந்தெடுக்கும் கேஸ் வைத்துச் சரிபாருங்கள். கெட்ஆப்ட்ஸ் லூப்புக்குள் இருக்கும் கேஸில், தெரியாத ஆப்ஷனுக்கான கேள்விக்குறிக் கிளையை எழுதும்போது முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள். போடாவிட்டால் அது எந்த ஒற்றை எழுத்துக்கும் பொருந்தி, கீழே உள்ள கிளைகளுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும்.

சின்ன ஸ்கிரிப்ட் என்றால் குறுக்குவழி உண்டு: டாலர் குறியை அடுத்த நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயர், அதை ஒட்டி ‘:?’, பிறகு செய்தி. காலியாக இருந்தால் செய்தியைக் காட்டி ஸ்கிரிப்ட்டையே நிறுத்திவிடும். ஒரு நேரத்தில் ஒரு குறையைத்தான் சொல்லும் என்பதால் இதை ஆப்ஷன் சோதனைக்கு நான் பெரிதாக வைத்துக்கொள்வதில்லை. ஆனால் ஃபைல்களை அழிக்கும் ஆர்எம், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் மாதிரி கட்டளைகள் இருக்கும் வரியில் கண்டிப்பாகப் போடுவேன். 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் ஸ்கிரிப்ட்டில் ஒரு மாறி காலியாகப் போய், ஆர்எம் ரூட்டிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. இந்த இரண்டு குறிகள் அந்த வரியில் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

ஆப்ஷன் நாலைந்தைத் தாண்டினால் பைத்தானுக்கு மாறிவிடுங்கள். ஆப்ஷன்களைப் பிரிக்க அதிலேயே இருக்கும் ஆர்க்பார்ஸில் ரிக்வயர்ட் என்பதை ட்ரூ என்று வைத்தால் போதும். சாய்சஸில் மூன்று துறைமுகங்களையும் கொடுத்தால் மதிப்புச் சோதனையும் முடிந்தது, எக்சிட் கோடும் தானாகவே 2. ஆப்ஷன் என்றாலே விருப்பம்தானே, அதைக் கட்டாயமாக்குவது அழகல்ல என்று அதன் ஆவணத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை, 12 என்று வெறுமனே வரிசையாகக் கொடுப்பதைவிட, பெயரோடு கொடுத்த கட்டளையை ராத்திரி ஷிஃப்ட் பையன் ஹிஸ்டரியில் பார்த்தால்கூடப் புரிந்துகொள்வான்.

முடித்ததும் -பி இல்லாமல் ஒரு தடவை, -பி-க்குக் காலி மேற்கோள் கொடுத்து ஒரு தடவை, -பி-யை ஒட்டி -டி போட்டு ஒரு தடவை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் எக்சிட் கோடைக் காட்டும் டாலர் கேள்விக்குறியை எக்கோ செய்யுங்கள். மூன்றிலும் 2 வர வேண்டும். வராவிட்டால் லூப்புக்குப் பிறகு எழுதிய பகுதியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.