பாடநூல் வாங்காமலே ஒரு பட்டம்

திறந்த உரிமத்தில், அதாவது எவரும் விலையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் இசைவு தரும் உரிமத்தில், வெளிவரும் பாடநூல்களைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டு, இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தமக்கை மகன் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், ஒரு சமுதாயக் கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கப் போகிறான். படிப்பு முடியும்வரை ஒரு பாடநூலுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை என்றும், அதற்கு ‘இசட் டிகிரி’ என்று பெயர் என்றும் சொல்கிறான். இதை நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

பதில்: தாராளமாக நம்பலாம். ‘ஜீரோ’ என்ற சொல்லின் முதல் எழுத்துத்தான் அந்த ‘இசட்’. பாடநூல் செலவு சுழி என்பது அதன் பொருள். வர்ஜீனியாவின் கடற்கரைப் பகுதியில் நார்ஃபோக், வர்ஜீனியா பீச், போர்ட்ஸ்மவுத், செசபீக் ஆகிய நான்கு நகரங்களில் வளாகங்கள் கொண்ட டைட்வாட்டர் சமுதாயக் கல்லூரி, 2013ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில், வணிக நிர்வாகத்தில் தான் வழங்கும் அசோசியேட் பட்டத்தை இப்படி மாற்றியமைத்தது. முழுநேரமாகப் படிப்பவருக்கு இரண்டு ஆண்டுகளில் முடியும் பட்டம் அது. டேவிட் வைலி, கிம் தானோஸ் ஆகிய இருவரும் 2012இல் தொடங்கிய லூமன் லேர்னிங் நிறுவனம் இதில் கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்தது.

இப்படி ஒரு முயற்சிக்குத் தேவை இருந்ததா என்று கேட்டால், அங்குள்ள பாடநூல் விலையைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் கல்லூரிப் பாடநூல்களின் விலை 88 விழுக்காடு உயர்ந்தது. புளோரிடா மாநிலக் கல்லூரி மாணவர்களிடம் 2016இல் நடந்த கணக்கெடுப்பில், கட்டாயம் வாங்க வேண்டிய பாடநூல் ஒன்றையாவது விலை காரணமாக வாங்காமல் விட்டதாக ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கூறினார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் புத்தகம் இருக்கும் என்று ஆசிரியர் எண்ணிக்கொள்கிறார், ஆனால் மாணவரிடம் அது இருப்பதில்லை.

ஒரு பாடத்திற்கு மட்டும் நூலை இலவசமாக்கினால் போதாதா என்ற கேள்வி இங்கே எழும். டைட்வாட்டரின் முயற்சியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணமே இதற்கு அங்கே கிடைத்த விடைதான். ஒரு பருவத்தில் ஐந்து பாடம் படிக்கும் மாணவருக்கு ஒன்றில் மட்டும் நூல் இலவசம் என்றால், அது நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் இடம் கிடைத்ததனால் வந்த அதிர்ஷ்டமாகவே நின்றுவிடும். அடுத்த பருவத்திற்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று அவரால் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. பட்டம் முழுவதும் செலவற்றது என்று கல்லூரியே அறிவிக்கும்போதுதான், பகலில் கடையில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிக்க வருகிறவர் துணிந்து பெயர் பதிவு செய்வார். அப்படி அறிவிக்க வேண்டுமானால் வணிகவியல் துறை மட்டும் முன்வந்தால் ஆகாது. அந்தப் பட்டத்திற்கு வேண்டிய ஆங்கிலம், வரலாறு, கணிதம், அறிவியல் எனப் பொதுப்பாடங்களைக் கற்பிக்கும் எல்லாத் துறைகளும் ஒத்துழைக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அறிவிப்பு பொய்யாகிவிடும்.

அவர்கள் வேலையைத் தொடங்கிய இடமும் கவனிக்கத்தக்கது. புத்தகத்தைக் கையில் எடுத்து அதன் அதிகாரங்களை வாரவாரியாகப் பங்கிடுவதுதான் வழக்கம். அங்கோ, இந்தப் பாடத்தை முடித்த மாணவருக்கு எவையெவை தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைத்து, அவை ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற திறந்த பாடப்பகுதியைத் தேடிச் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் யாரும் நடத்தாமல் தாண்டிச் செல்லும் அதிகாரங்கள் அதில் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

கேள்வி: என் மாணவர்கள் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளைக் கைப்பேசியில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். இலவசத்திற்கும் ‘திறந்த’ என்பதற்கும் என்ன வேறுபாடு?
– கல்லூரி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: தங்கள் மாணவர்கள் வைத்திருப்பவற்றுள் பெரும்பாலானவை உரிமையாளரின் இசைவின்றிப் பரவும் நகல்களாகவே இருக்கும். அவற்றைக் கல்லூரி தன் இணையதளத்தில் வைக்க முடியாது, தாங்களும் திருத்தி வெளியிட முடியாது. நூலகம் சந்தா கட்டித் தரும் மின்னூலும் மாணவருக்கு இலவசம்தான். ஆனால் சந்தா நின்றால் நூலும் நின்றுவிடும். திறந்த வளம் என்பது உரிமம் சார்ந்தது. படைப்பாளர்கள் தம் படைப்புகளை இப்படித் திறந்து வைப்பதற்கான ஆயத்த உரிமங்களை வகுத்துத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு, 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ கூட்டிய ஒரு கூட்டத்தில்தான் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரும் பிறந்தது. இத்தகைய வளம் ஒன்று கிடைத்தால் அதனைத் தம்மிடமே நிலையாக வைத்துக்கொள்ளலாம், வகுப்பில் பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு இணைக்கலாம், பிறருக்கும் வழங்கலாம். இந்த ஐந்து உரிமைகளையும் ஒரு வாய்பாடுபோல வகுத்துச் சொன்னவர் மேலே குறிப்பிட்ட டேவிட் வைலி.

மொழிபெயர்ப்பும் திருத்தத்தில் அடங்கும் என்பதைத் தமிழ் ஆசிரியர்கள் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவரும் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற திறந்த பாடநூல் வரிசையின் பல்கலைக்கழக இயற்பியல் நூல், போலந்து நாட்டு மாணவர்களுக்காகப் போலிஷ் மொழிக்குச் சென்றது. உரிமம் திறந்ததாக இருந்ததனால் அதற்கு வழி எளிதாயிற்று.

கேள்வி: விலையில்லாத நூல் தரத்தில் குறைந்ததாக இருக்காதா?
– பெற்றோர் ஒருவர், சேலம்

பதில்: தரம் நூலுக்கு நூல் மாறும். இது விலையுள்ள நூல்களுக்கும் பொருந்தும். ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012இல் இயற்பியலையும் சமூகவியலையும் முதலில் வெளியிட்டபோதே, பாட வல்லுநர்களை எழுதவைத்து, வேறு பேராசிரியர்களைக் கொண்டு சரிபார்த்தே வெளியிட்டது.

மாணவர்களின் மதிப்பெண் என்னவாயிற்று என்பதற்கு 2018இல் வெளிவந்த ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வைச் சொல்லலாம். எட்டுப் பாடங்களில், விலையுள்ள நூலிலிருந்து இலவசத் திறந்த நூலுக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் படித்த 21,822 மாணவர்களை அது ஒப்பிட்டது. நூல் மாறிய பிறகு மதிப்பெண்கள் உயர்ந்தன. தோற்றவர்களும் இடையில் விலகியவர்களும் குறைந்தார்கள். அரசின் பெல் உதவித்தொகை பெறும் ஏழை மாணவர்களிடையே பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. இது வெவ்வேறு ஆண்டுகளின் மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு, ஆகவே உயர்வுக்கு நூல் மட்டுமே காரணம் என்று உறுதியாகக் கூற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் வந்த பல ஆய்வுகளின் முடிவு, இரு வகை நூலிலும் மாணவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறுகிறார்கள் என்பதே. எப்படியும் நூலை வாங்கியிருக்கக்கூடிய மாணவருக்கு நூல் மாறுவதால் பெரிய மாற்றம் வருவதற்கில்லை, வாங்க முடியாமல் இருந்தவருக்குத்தான் வரும். செலவு சுழியாகியும் தேர்ச்சி குறையவில்லை என்றால், அதுவே எனக்குப் போதுமான சான்று.

கேள்வி: நூலை ஆசிரியர் திரட்டி எழுத வேண்டுமானால் அவருடைய உழைப்புக்கு யார் ஊதியம் தருவது? இதுவும் ஆசிரியர் தலையில் விழும் இன்னொரு சுமையாகத்தானே முடியும்?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: வந்த கடிதங்களில் மிக முக்கியமான கேள்வி இது. மாணவருக்கு விலையில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. செலவு வேறிடத்திற்கு மாறுகிறது, அந்த இடத்தில் அதை ஏற்க யாராவது இருக்க வேண்டும். ஆசிரியருக்கு வகுப்புச் சுமையைக் குறைத்து நேரம் தர வேண்டும், அல்லது தனியே ஊதியம் தர வேண்டும். உரிமங்களைச் சரிபார்க்கத் தெரிந்த நூலகர் வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் படிக்கும்படி கோப்புகளை அமைப்பவர் வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து வரிச்சட்டம் மாறினால் கணக்கியல் பாடத்தைத் திருத்துவதற்கும் ஆள் வேண்டும். இவ்வளவையும் ஆசிரியரின் நல்லெண்ணத்தை நம்பி விடுவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் தொடக்கச் செலவைக் கொடையாளர்களும் அரசும் ஏற்றார்கள். ‘அச்சீவிங் த டிரீம்’ என்ற அமைப்பு 2016 ஜூன் மாதத்தில் 98 லட்சம் டாலர் கொடையுடன், 13 மாநிலங்களைச் சேர்ந்த 38 சமுதாயக் கல்லூரிகளில் இத்தகைய பட்டங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. கலிபோர்னியா அரசு தன் சமுதாயக் கல்லூரிகளுக்காக முதலில் 50 லட்சம் டாலரும், 2021இல் 11.5 கோடி டாலரும் ஒதுக்கியது. எந்த வகுப்புக்குப் பாடநூல் செலவு இல்லை என்பதைப் பெயர்ப்பதிவு செய்யும் இணைய அட்டவணையிலேயே குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று 2016இல் அந்த மாநிலத்தில் சட்டமும் வந்தது. அந்தச் சிறிய குறி இல்லாவிட்டால், பணம் கட்டும் நாள்வரை மாணவருக்கு உண்மை தெரியாது.

கொடை ஒருநாள் தீரும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தாங்கள் கேட்கலாம். டைட்வாட்டரில் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். அங்கே பருவம் தொடங்கிய சில நாட்களுக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். புத்தகக் கடைக்குப் போய் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பெயரை நீக்கிக்கொள்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? திறந்த வளப் பாடங்களில் அப்படி விலகியவர்கள் குறைவு. ஆகவே திருப்பித் தர வேண்டியிருந்திருக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி கல்லூரியிடமே தங்கியது. அந்தத் தொகையைக் கொண்டே திட்டத்தைத் தொடர்ந்து நடத்தலாம் என்று, வைலியும் அக்கல்லூரியைச் சேர்ந்தவர்களும் 2016இல் எழுதிய கட்டுரையில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூல் இலவசமான பிறகும், வீட்டுப்பாடம் செய்யும் மென்பொருளுக்கென ஒவ்வொரு மாணவரும் பருவந்தோறும் கட்டணம் கட்டி நுழைவுக் குறியீடு வாங்க வேண்டியிருந்தால், பட்டம் செலவற்றது என்று சொல்ல முடியாது. கணிதத்தில் இதற்கு மாற்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்துக் கல்லூரிக் கணித ஆசிரியர் டேவிட் லிப்மன் உருவாக்கிய திறமூல மென்பொருளின் மேல் நடக்கும் ‘மைஓப்பன்மேத்’ தளத்தில், மாணவர்கள் கட்டணமின்றிப் பயிற்சிக் கணக்குகளைச் செய்யலாம்.

கேள்வி: நம் ஊர்க் கல்லூரியில் இப்படி ஒரு பட்டத்தை அமைக்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?
– தன்னாட்சிக் கல்லூரியின் துறைத் தலைவர், கோயம்புத்தூர்

பதில்: தாங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பது பாதி வழியைக் கடந்ததற்குச் சமம். பல்கலைக்கழகம் வகுத்துத் தரும் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் இணைப்புக் கல்லூரிக்கு இல்லாத உரிமை தங்கள் பாடத்திட்டக் குழுவுக்கு உண்டு. நூல்களின் பட்டியலை அக்குழுவே முடிவு செய்யலாம்.

தேர்வுக்கு முந்திய வாரத்தில், நூலகத்தின் ஒரே குறிப்புதவிப் படிக்காக மாணவர்கள் வரிசையில் நின்றதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் பாடநூலின் விலை அமெரிக்க அளவுக்கு இல்லை என்று சொல்பவர்கள் அந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம், சென்னை ஐஐடியை மையமாகக் கொண்டே இயங்குகிறது. பொறியியலுக்கும் அடிப்படை அறிவியலுக்கும் அங்கே நிறையக் கிடைக்கும். முதல் ஆண்டின் பாடங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே கிடைக்கும் திறந்த வளத்தின் பெயரையும் அதன் உரிமத்தையும் குறித்துவாருங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ, அதற்குத்தான் ஆசிரியரின் நேரத்தையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும். தமிழ்ப் பாடங்களில் காலிக் கட்டங்கள் கூடுதலாக இருக்கும் என்பது என் மதிப்பீடு.

உரிமத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், எல்லாத் திறந்த வளங்களும் ஒன்றோடொன்று கலக்கா. என்பிடெல் பயன்படுத்தும் உரிமம், மூலத்தை உருவாக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டு, திருத்திய வடிவத்தையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களுக்கு, இவற்றோடு வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இரண்டும் திருத்திய வடிவம் தத்தம் உரிமத்திலேயே வெளிவர வேண்டும் என்று கேட்பதால், இரண்டின் வரிகளையும் பின்னி ஒரே அதிகாரமாக எழுதி வெளியிட வழியில்லை. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களிலும் உரிமம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதன் நுண்கணித நூலுக்கு வணிகத் தடை உண்டு. திருத்தவே கூடாது என்னும் உரிமமுடைய நூலை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், படிக்கச் சொல்லித் தரலாமே தவிர அதன்மேல் தங்கள் பாடத்தைக் கட்ட இயலாது. இப்படி ஒத்துப்போகாதவற்றை மாற்றாமல் தனித்தனிப் பகுதிகளாகவே அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஆசிரியர் பெயர், மூலம், உரிமம் மூன்றையும் அச்சிட்டுவிடுங்கள்.